வராத நாள்

“நான் ஒரு நாள் வராட்டி, அன்னிக்கே வந்து பாப்பீங்கதானே டீச்சர்?”

கேட்டவள் ராக்காயி. உடற்பயிற்சிக் குழுவில் சேர வந்த முதல் நாள், தன் பெயரைச் சொல்வதற்கு முன்னால் அதைத்தான் கேட்டாள்.

“அதுக்குத்தானே இந்த இடாப்பே,” என்றாள் பெற்றீசியா. “பேர் கூப்புடுவோம். வராதவங்க வீட்டுக்கு ரெண்டு பேர் போய்ப் பாப்போம்.”

“அன்னிக்கேவா?”

“அன்னிக்கேதான் அக்கா.”

“அப்ப எழுதிக்கோங்க. ராக்காயி. கீழ் லயம்.”

பெற்றீசியா தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். முன்பு கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட, இப்போது மூடிக் கிடந்த பிள்ளை மடுவத்தைத் திறந்து, வயதானவர்களுக்குக் காலையில் உடற்பயிற்சி என்று அவள் ஆரம்பித்தபோது வந்தவர்கள் நாலே பேர். சீனி குறையும் என்றாள். பிரஷர் இறங்கும் என்றாள். “அம்பது வருசமா மலை ஏறுனது பத்தாதா டீச்சர்?” என்று சிரித்துவிட்டுப் போனார்கள்.

பிறகு மூக்கன் செத்தான். பிள்ளைகள் எல்லாம் கொழும்பில். லயத்து வரிசை வீடுகளில் ஒரு காம்பராவில் தனியாக இருந்தவன். நாலாம் நாள், நாற்றம் வந்த பிறகுதான் கதவை உடைத்தார்கள்.

அந்த வாரமே பெற்றீசியா ஓர் இடாப்பு வாங்கிப் பெயர் கூப்பிடத் தொடங்கினாள். நாலு பேர் இருபத்தாறு பேர் ஆனார்கள். சீனிக்கும் பிரஷருக்கும் அசையாத சனம், மூக்கனைப் போலக் கிடந்துவிடுவோமோ என்ற பயத்தில் வந்து வரிசையில் நின்றது.

ராக்காயி பத்தே நிமிடம்தான் நிற்பாள். பெயர் கூப்பிட்டதும் “இருக்கேன்” என்பாள், கொஞ்சம் கையைக் காலை ஆட்டுவாள், போய்விடுவாள். தேத்தண்ணிக்குக்கூட நிற்பதில்லை.

அவளைப் பற்றி யாருக்கும் அதிகம் தெரியாது. இருபது வருடம் கொழும்பில் வீடுகளில் சமைத்தவள். நாலு மாதத்துக்கு முன்னால், ஒரு மழை நாளில், நாத்தனார் விட்டுப்போன காம்பராவுக்கு வேன் பிடித்து வந்து இறங்கியிருந்தாள். மண் சரியும் என்று எல்லாரையும் எழுப்பி அனுப்பிவிட்ட லயம் அது. பன்னிரண்டு காம்பராவில் அடுப்புப் புகைந்தது அவளுடையதில் மட்டும்தான்.

“மேல வந்துருங்க அக்கா. இங்க எங்கயாச்சும் எடம் பாக்கலாம்,” என்று பெற்றீசியா ஒரு நாள் சொல்லிப் பார்த்தாள்.

“வேணாம் டீச்சர். கொழும்புல வாடகைக்கு இருந்த எடத்துல எல்லாம் கெளப்பி உட்டுட்டாங்க. இங்க கெளப்புறதுக்கு ஆளே இல்ல.”

பக்கத்தில் நின்ற வேலாயிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “ஒங்களுக்குப் புள்ளைங்க இல்லியா?”

“ஒருத்தன் இருக்கான்.”

“கொழும்புலதானே? பெத்தவள இப்புடி இடியிற மலையில ஒத்தையில உட்டுட்டு… அவனெல்லாம் ஒரு மனுசனா?”

“எம் புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க!”

ராக்காயி சத்தம் போட்டு எல்லாரும் கேட்டது அன்று ஒரு நாள்தான். இப்படிப்பட்டவனுக்கும் பரிந்து பேசுகிறாளே என்று பெற்றீசியா மனசுக்குள் நொந்துகொண்டாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அந்த வியாழக்கிழமை மடுவத்துக்கு வந்தவர்கள் ஒன்பது பேர். மற்றவர்கள் வீட்டிலிருந்தே சொல்லி அனுப்பியிருந்தார்கள். ராக்காயியிடமிருந்து மட்டும் ஒரு சேதியும் இல்லை.

“போய்ப் பாக்கணுமே,” என்றாள் பெற்றீசியா.

“இந்த மழையிலயா?” என்றார் வீரய்யா. “கீழ்ப் பாதை நேத்தே வெடிச்சிருக்கு. அவங்களப் பாக்கப் போயி நம்ம மேல மண்ணு விழணுமா?”

“காய்ச்சலா இருக்கும். நாளைக்கிப் போவோம் டீச்சர்,” என்றாள் வேலாயி.

பெற்றீசியா வாசலில் நின்று கீழே பார்த்தாள். மலையே தெரியவில்லை. காய்ச்சல் என்றால் போர்த்திப் படுத்திருப்பாள். அதற்கு மேலே ஏதாவது நடந்திருந்தால், செத்தவளுக்கு இன்று என்ன, நாளை என்ன? அப்படி நினைத்தது அவளுக்கே கூசியது. ஆனாலும் குடையை எடுத்துக்கொண்டு தன் வீட்டுப் பக்கம்தான் நடந்தாள். இரவெல்லாம் மழை கூரையில் அடித்தது. சரியாகத் தூங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மழை விட்டதும் வீரய்யாவைக் கூட்டிக்கொண்டு இறங்கினாள். ராக்காயியின் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. கூப்பிட்டும் பதில் இல்லை. வீரய்யா தோளால் இரண்டு முறை இடித்தார்.

அடுப்படியில் குப்புறக் கிடந்தாள். உடம்பு விறைத்துப் போயிருந்தது.

பெற்றீசியா பக்கத்தில் முழந்தாளிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். “நாலு நாள் கெடக்காம ஒரு நாள்லயாச்சும் வந்துட்டோம் அக்கா,” என்று மெல்லச் சொன்னாள். அவளுக்கே அது ஓர் ஆறுதலாக இருந்தது.

மூடுவதற்குப் போர்வை தேடி உள்ளறைக்குப் போன வீரய்யா, நிலையைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

“டீச்சர்… இங்க வாங்க.”

கட்டிலில், நனைந்து நாறிய துணிகளுக்கு நடுவில், நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருத்தன் கிடந்தான். இடுப்புக்குக் கீழே கால்கள் இரண்டும் சூம்பிக் குச்சியாக இருந்தன.

கத்திக் கத்திக் குரல் செத்துப்போயிருந்தது. “டீச்சரா?” என்றான். “அம்மா எந்திரிக்கலைன்னா நீங்க அன்னிக்கே வந்து என்னையத் தூக்கிக்குவீங்கன்னு சொல்லிச்சே… நேத்து ஏன் வரல?”