நடுக்கடலில் நிற்கும் துணி

"தறியை நிறுத்தாதீங்க மொதலாளி, நாங்க எதைத் திங்க?"

"நான் சொல்லுததைக் கேளு வெள்ளத்தாயி! வெளிநாட்டுக்கு அனுப்புன பேண்டேஜ் துணி கடல்ல நிக்கு. கப்பல் மேல குண்டு போடுதாங்களாம். அது போய்ச் சேந்தாத்தான் அடுத்த ஆர்டர்."

"குண்டுக்குப் பயந்தா ஆச்சா? கப்பலைத் துணிஞ்சு ஓட்டச் சொல்லுங்க!"

ராஜபாளையம் தறிக்கூடமே வெள்ளத்தாய் பக்கம் நின்றது. தறி நின்றால் அவள் வீட்டில் உலை வைக்க வழியில்லை.

"கொஞ்ச நாள் பொறுப்போம்க்கா," என்றாள், வேலைக்குச் சேர்ந்து பத்து நாளேயான முனீஸ்வரி.

வெள்ளத்தாய்க்குச் சுருக்கென்றது. "ஏட்டி, மொதலாளிக்குக் காக்கா பிடிக்கியா? ஒனக்கென்ன, சம்பாதிச்சுப் போட மகன் இருக்கான்!"

"இருக்கான்க்கா. அங்கன நிக்கிற கப்பல் ஒண்ணுலதான் இருக்கான். போகச் சொல்லட்டுமா?"