சந்தனப் பொட்டு

தயாளன் காரின் முன்னால் குனிந்து, கம்பெனிச் சின்னத்தின் மேல் சந்தனத்தைத் தாராளமாக அப்பினார். நடுவில் குங்குமம் வைத்துக் கண்ணை மூடி நின்றார்.

லிஃப்ட் திறந்தது. நிருபமா மேடத்தோடு லேப்டாப் பையுடன் ஒருவன் வந்தான். சர்வீஸ் சென்டர் ஹரிஷ்!

கார் வாங்கிய புதிதிலேயே மேடம் சொல்லிவிட்டார். "முன்னாடி போற வண்டியைப் பார்த்து இதுவே ஸ்பீடைக் குறைக்குது, இதுவே பிரேக் போடுது. பழகிட்டா ஓசூர் ஆபீஸுக்கு நானே ஓட்டிட்டுப் போயிடுவேன்." அன்றிலிருந்து தயாளனுக்குச் சோறு இறங்கவில்லை. மகள் இன்னும் நர்சிங் முடிக்கவில்லை. ஐம்பது வயது டிரைவரை இந்த ஊரில் எவன் சீந்துவான்?

நல்லவேளை, முன்னால் போகும் வண்டியைப் பார்க்கும் அந்தப் பாழாய்ப்போன சென்சார் ஒழுங்காக வேலை செய்யவில்லை. அடிக்கடி மஞ்சள் விளக்கு எரிந்து அடம்பிடித்தது. சர்வீஸுக்கு விட்டால் முதலில் வண்டியைக் கழுவுவார்கள், பிறகுதான் சோதிப்பார்கள். ஒரு கோளாறும் அகப்படாது. வீட்டுக்கு வந்த சில நாளில் மறுபடியும் அதே விளக்கு.

"எங்க ஷெட்டுக்கு வந்தா சமர்த்தா இருக்கு மேடம். அதான் இங்கயே ஸ்வல்ப பார்த்துடலாம்னு வந்தேன்," என்று கன்னடம் கலந்து சொன்ன ஹரிஷ், காரின் முன்னால் போய்க் குனிந்தான்.

"ஆண்டவரே..." தயாளனின் உதடுகள் முணுமுணுத்தன.

ஹரிஷ் விழுந்து விழுந்து சிரித்தான். "அய்யோ அண்ணா! ராடார் சென்சார் இந்தச் சின்னத்துக்குப் பின்னாலதான் இருக்கு. டெலிவரி அன்னைக்கே உங்ககிட்ட சொன்னேனே? சுவத்துக்குப் பூசுற மாதிரி பூசியிருக்கீங்க!"

ஈரத் துணியால் துடைத்துவிட்டு, மேடத்தோடு ஒரு ரவுண்டு போய் வந்தான். விளக்கு எரியவில்லை.

"வண்டிக்குக் கண்ணு படக்கூடாதுன்னு வச்சு, வண்டியோட கண்ணையே மூடிட்டாரு மேடம்!"

"மன்னிச்சிடுங்க மேடம். ஏதோ பக்தியில செஞ்சுட்டேன். மறந்தே போச்சு," என்று கைகூப்பினார் தயாளன்.

மேடம் திட்டவில்லை. ஹரிஷுக்கு நன்றி சொல்லி அனுப்பினார். தயாளனுக்குப் போன உயிர் திரும்பியது. சாமி பக்தியில் செய்த தப்புக்கு யாராவது வேலையை விட்டு நிறுத்துவார்களா? ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்து பிடித்தார்.

மேடம் ஏறவில்லை. சாவிக்காகக் கையை நீட்டினார்.

"சர்ச்சுக்குப் போறவர் எப்போலேருந்து பொட்டு வைக்க ஆரம்பிச்சீங்க, தயாளன்?"