இரவல் சாம்பல்

பால் சொசைட்டியின் கதிர்வீச்சு மீட்டர் ஒன்பதாவது நாளாகப் பேச்சித்தாயின் தூக்குவாளிக்குச் சிவப்பு காட்டியது.

"வேலிக்கு அந்தப் பக்கம் மாட்ட மேய்ச்சிட்டு, தெனமும் விஷத்தக் கொண்டாந்து ஊத்துதியா?" என்று வரிசையில் நின்றவர்கள் காதுபட இரைந்தார் பால் சோதிக்கும் சுடலைமுத்து.

"சத்தியமா இல்ல அண்ணாச்சி. கட்டுத்தறிய விட்டு அவுக்கவே இல்ல." அவள் கண் கலங்கிவிட்டது.

பாலைக் குழியில் கொட்டச் சொன்னார். வாளி காலியான பிறகும் சிவப்பு அணையவில்லை. கழுவி வைத்துப் பார்த்தார், அப்போதும் சிவப்புதான்.

"இத என்னத்தப் போட்டுத் தேய்க்க?"

"சாம்பல்தான். எங்க வீட்டுல கேஸ் அடுப்புல்லா? ஒங்க வீட்டு மதினிதான் தெனமும் ஒரு செரட்டை அள்ளித் தருவாக."

தடை வேலி தாண்டிப் போய், பட்டுப்போன மரங்களை வீட்டு அடுப்புக்கு விறகாக வெட்டி வந்தது சுடலைமுத்துதான். அணு உலை வெடித்த அன்று வீசிய காற்று படிந்த மரங்கள் அவை. தீயில் போட்டால் விஷமும் எரிந்து போய்விடும் என்று நினைத்திருந்தார். எரிந்தது விறகு மட்டும்தான். விஷம் சாம்பலில் தங்கிவிட்டது.

"நான்தான் சரியாத் தேய்க்கல போல," என்றாள் பேச்சித்தாய், தலையைக் குனிந்துகொண்டு. "மதினிகிட்ட இன்னும் ரெண்டு செரட்டை வாங்கி, அழுத்தித் தேய்ச்சுக் கொண்டாறேன் அண்ணாச்சி."

வாளியோடு அவர் வீட்டுத் தெருவுக்குள் அவள் திரும்பினாள். ஒன்பது நாள் ஊர் கேட்க இரைந்த வாய்க்கு, "நில்லு தாயி" என்று கூப்பிட வரவில்லை.