புகை போகும் வழி

ரம்ப மெஷினை நிறுத்தினான். உறிஞ்சும் மோட்டாரை மட்டும் ஓடவிட்டு ஊதுபத்தியைக் கொளுத்தினான்.



புகை எங்கே போகிறதோ, மரத்தூளும் அங்கேதான் போகும். இதை மூன்று நாளாக வளர்மதியிடம் சொல்லிச் சொல்லி அவனுக்கே வாய் வலித்தது. கட்டிய மனைவி, ஒரு தடவையாவது தலையாட்டியிருக்கலாம்.

கார் ஷெட்டைத்தான் பட்டறையாக்கியிருந்தான். கார் வாங்கும் யோகம் இன்னும் வரவில்லை. ஷெட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு கதவு.

போன மாதம் அந்தக் கதவிடுக்கு வழியாகத்தான் தூள் போனது. ஆறு வயது மகள் தாரிகாவை, மூச்சு இழுக்க இழுக்கத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இரண்டு நாள் ஆஸ்பத்திரி. மூஞ்சியில் மாஸ்க்கோடு அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீடு திரும்பிய அன்று வளர்மதி சத்தம் போடவில்லை.

"இன்னொரு தடவை பிள்ளைக்கு வீசிங் வந்துச்சு, ஒண்ணு இந்த மெஷின் வீட்டை விட்டுப் போகணும். இல்ல, நானும் அவளும் போறோம்."

அவள் சொன்னால் சொன்னதுதான்.

மெஷினை விட மனமில்லை. பிள்ளையையும் விட முடியாது.

மூன்று நாள் லீவு போட்டான். ரம்பத்துக்கு அடியில் குழாய். குழாயின் மறுமுனையில் மூடிபோட்ட பெயின்ட் வாளி. சிராயும் சுருளும் வாளியில் விழுந்துவிடும். மாவு மாதிரி இருக்கும் நைஸ் தூளை மோட்டார் இழுத்து, சுவரில் போட்ட ஓட்டை வழியாகப் பக்கத்துச் சந்தில் தள்ளிவிடும்.

சந்தில் பூனையைத் தவிர யாரும் நடப்பதில்லை.

கதவிடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டினான். இன்று காலை ஒரு மணி நேரம் தேக்குப் பலகை அறுத்தான். தரையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தான். ஒன்றும் ஒட்டவில்லை.

மிச்சம் இந்தச் சோதனைதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு வீட்டில் ஊதுபத்தியே கொளுத்துவதில்லை. பூஜை அலமாரியின் மூலையில் கிடந்த ஒன்றை வளர்மதி முறைத்துக்கொண்டே எடுத்துத் தந்திருந்தாள்.

கதவிடுக்கில் காட்டினான். வீட்டுப் பக்கம் ஓர் இழைகூடப் போகவில்லை.

ரம்பத்தின் அருகே காட்டினான்.

புகை கிளம்பியது. ஒரு நொடி தயங்கியது. பிறகு மடங்கி, நூல் பிடித்ததுபோல் குழாய்க்குள் போனது.

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"என்ன ஆச்சு?" கதவுக்கு அந்தப் பக்கம் வளர்மதி.

"எல்லாம் உள்ள போயிடுது. துளிகூட வெளிய வரல. நான்தான் சொன்னேன்ல."

அவள் பதில் சொல்வதற்குள் படுக்கையறையிலிருந்து தாரிகாவின் குரல் வந்தது. தூக்கம் கலைந்த குரல்.

"அப்பா, சாமி கும்பிடுறீங்களா? வாசனை வருது."

முதலில் சிரிப்புத்தான் வந்தது.

பிறகு உறைத்தது.

படுக்கையறை ஜன்னலும் அதே சந்தின் பக்கம்தான் இருந்தது. வெயிலில் பிள்ளை தூங்க முடியாமல் புரள்கிறாளே என்று, போன வாரம்தான் அந்த ஜன்னலில் கூலர் வைத்தான். வெளிக்காற்றை இழுத்து உள்ளே தள்ளும் கூலர். சுற்றிலும் இடைவெளி இல்லாமல் பலகை அறுத்து அடைத்தவனும் அவனேதான். அன்று வளர்மதிகூடப் பாராட்டினாள்.

காலையிலிருந்து அது ஓடிக்கொண்டிருக்கிறது.

"கூலரை அணை" என்று கத்தினான். வளர்மதி ஓடும் சத்தம் கேட்டது. அவன் மோட்டாரை நிறுத்தினான்.

வீடு அடங்கிப்போனது.

உள்ளே போக வேண்டும். போகவில்லை.

கையில் ஊதுபத்தி எரிந்துகொண்டிருந்தது. இழுக்க எதுவும் இல்லாத புகை நேராக மேலே ஏறியது. சாம்பல் உடைந்து விரலில் விழுந்தது.

கதவைப் பார்த்து நின்று கண்ணை மூடிக்கொண்டான். இருமல் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டான்.