பூரானுக்கு ஒரு சிபாரிசு

"சனிக்கிழமை வீடு கழுவுவேன். அதுக்குள்ள அந்தப் பூரான் போயிரணும். இல்லைன்னா டப்பாவுக்குள்ள மண்ணெண்ணெய ஊத்திருவேன்" என்றாள் ரூபி.

சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டாள். டப்பா என்னவோ இறுக மூடித்தான் இருந்தது.

"பயணிகள் பதற வேண்டாம். வண்டி முதலாவது நடைமேடையில்தான் நிற்கிறது" என்று ரயில் நிலைய அறிவிப்புக் குரலில் சொன்னான் மகன் ஸ்டெபின்.

பிளஸ் டூ படிக்கிற பயல். அவன் வாய்க்குள் கோவில்பட்டியே குடியிருந்தது. அம்மாவிடம் சோறு கேட்பது கண்டக்டர் குரலில். குளிக்கச் சொன்னால் ஹெட்மாஸ்டர் குரலில் விளக்கம் கேட்பான்.

பூரானுக்கு எக்ஸ்பிரஸ் என்று பேர் வைத்திருந்தான். எவனோ வெளிநாட்டுக்காரன் பூரான் வளர்க்கிற வீடியோவைப் பார்த்துவிட்டு, இதென்ன பிரமாதம், நம்ம ஊரில் கல்லைப் புரட்டினால் பூரான்தானே என்று இறங்கினான். ஒன்றுக்கொன்று துணையாக இருக்கட்டும் என்று இரண்டாகப் பிடித்துப் போட்டான். மறுநாள் ஒன்றுதான் இருந்தது. அது கொஞ்சம் குண்டாகவும் இருந்தது.

டப்பாவுக்குள் மண் போட வேண்டும் என்று வீடியோவில் சொல்லியிருந்தான். இடைசெவல் காட்டில் போய்க் கரிசலை அள்ளி வந்து போட்டான். கரிசல் தன் குணத்தை டப்பாவுக்குள்ளும் விடவில்லை. காய்ந்ததும் பாளம் பாளமாக வெடித்தது. எக்ஸ்பிரஸ் ஒரு வெடிப்புக்குள் இறங்கியதோடு சரி, ஆளைக் காணோம். வெளியே வரட்டும் என்று தண்ணீரை ஊற்றினான். மண் களியாகிவிட்டது. கடைசியில் ஒரு கரண்டியைப் போட்டுக் கிண்டித்தான் தன் செல்லத்தை மீட்டான்.

அது ரூபி உப்புமா கிண்டுகிற கரண்டி. சனிக்கிழமைக் கெடு பிறந்த கதை இதுதான்.

மண்ணுக்குப் பதில் தேங்காய் நார்த்தூள் போட்டாச்சு, இனிமேல் கரண்டிக்கு வேலையே இல்லை என்று கெஞ்சிப் பார்த்தான். மூன்று குரலில் கெஞ்சினான். நாற்காலியை விட்டு இறங்காமலே மூன்றுக்கும் முடியாது என்றுவிட்டாள்.

அம்மா மறுபேச்சுப் பேசாமல் கேட்கிற ஆள் ஒருத்தர்தான் உண்டு. சபை போதகர் எபநேசர். ஸ்டெபினுக்கு அவர் குரல் அல்வா சாப்பிடுகிற மாதிரி. மூக்கை லேசாக அடைத்துக்கொண்டு, வாக்கியத்துக்கு ஒரு செருமல் போட்டால் போதும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று, கூட்டாளி சதீஷ்குமாரின் போனை வாங்கி அம்மாவை அழைத்தான். சதீஷ்குமார் சிரிப்பை அடக்கத் தன் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டான்.

"மகளே, எபநேசர் பேசுதேன். என் போன்ல சார்ஜ் இல்ல. தம்பி ஸ்டெபின் ஒரு பூரான் வளக்கானாமே?"

அந்தப் பக்கமிருந்து அம்மா "ஆமாய்யா" என்றாள்.

"கர்த்தர் மனுசனுக்கே ரெண்டு காலுதான் குடுத்தாரு. பூரானுக்கு எத்தனை குடுத்திருக்காரு பாத்தியளா? காரணம் இல்லாமலா குடுத்திருப்பாரு? அது மேல மண்ணெண்ணெய் ஊத்துதது சரியா மகளே?"

"ஐயா இப்ப எங்கன இருந்து பேசுதீங்க?"

"ஊழியத்துக்கு நாகலாபுரம் வந்தேன். திரும்ப நாளாகும்."

"அப்படிங்களா. பத்திரமா வாங்கய்யா. நீங்க சொன்னாச் சரிதான், அது வீட்டுலயே இருந்துட்டுப் போவுது."

போனை வைத்ததும் ஸ்டெபின் தொட்டியைச் சுற்றி ஓர் ஆட்டம் போட்டான். உலகத்தில் தன்னை மாதிரி ஒருத்தன் பிறந்ததும் இல்லை, இனி பிறக்கப்போவதும் இல்லை என்று சதீஷ்குமாரிடம் அடக்கத்தோடு சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தான்.

வாசலில் போதகரின் ஸ்கூட்டர் நின்றது.

ஸ்டெபினுக்குக் காலே நகரவில்லை. எக்ஸ்பிரஸிடம் ரெண்டு காலைக் கடன் வாங்கியிருந்தாலும் நகர்ந்திருக்காது. ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்துவிட்டான்.

உள்ளே எபநேசர் சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போயிருந்தார்.

"உங்க முன்னால காபியக் குடிச்சிட்டு இருக்கவனை நாகலாபுரத்துக்கு அனுப்பிட்டானே தாயி. ஆனா ஒண்ணு, நான் பிரசங்கம் பண்ணி இவ்வளவு உருக்கமா யாரும் கேட்டதில்ல. அந்தச் செருமலு நெசமாவே எனக்கு உண்டா?"

"உண்டுய்யா" என்றாள் ரூபி.

அடுத்து அடி எந்தத் திசையிலிருந்து வரும், எந்தக் குரலில் அழுதால் குறைவாக விழும் என்று ஸ்டெபின் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

"அது சரி, பூரான்னா உங்களுக்கு உசிரே போயிருமே. பயல் சொல்லுதது பொய்யின்னும் தெரியும். பிறகு ஏன் இருக்கட்டும்னுட்டிய?" என்று கேட்டார் எபநேசர்.

ரூபி காபி டம்ளரை எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது.

"நேத்து கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டேன்யா. பிசிக்ஸ் மண்டையில ஏறவே மாட்டேங்குது, பெயிலாப் போனா அம்மா மூஞ்சியில எப்படி முழிக்கன்னு அந்தப் பூரான்கிட்ட கேட்டுக்கிட்டு இருக்கான். எங்கிட்ட கண்டக்டரு பேசுதாரு, ஹெட்மாஸ்டரு பேசுதாரு. எம்புள்ள பேசுத சத்தத்தக் கேக்கணும்னா, அந்தப் பூரான் வீட்டுல இருக்கணும்லாய்யா."