வலப்பக்கத்துச் சட்டைகள்

காலையில் கொடியில் அந்த நீலக் கட்டம் போட்ட சட்டை தொங்கியது.

நேற்றுத்தான் அவள் கணவருடைய அந்தச் சட்டையை இஸ்திரிக்காரர் சௌரியப்பனுக்குப் போட்டுக்கொள்ளக் கொடுத்திருந்தாள். அவர் அதைப் போட்டுக்கொண்டுதான் எதிரே துணி தேய்த்துக்கொண்டிருந்தார்.

ஆக, சட்டை இரண்டு.

கொடியில் இருந்ததை மோந்து பார்த்தாள். வியர்வை. புது வியர்வை.

கணவர் இறந்து நாற்பத்தொரு நாள்.

வேறொருத்தி என்றால் அலறியிருப்பாள். இவள் பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுப்பவள். சமநிலையில் இருக்கும் கலவையிலிருந்து, சமன்பாட்டின் வலப்பக்கத்துப் பொருளை எடுத்தால், அது மறுபடி உண்டாகிக் குறையை நிரப்பப் பார்க்கும். வீடும் அப்படித்தான் போலிருக்கிறது.

அதையும் கொடுத்தாள்.

மறுநாள் கொடியில் சட்டையோடு ஒரு ஈரத் துண்டும் வந்தது.

மூன்றாவது சட்டைக்கு, பேப்பரில் குறுக்கெழுத்து பாதி போட்டிருந்தது. ஐந்தாவதுக்குக் குளியலறையில் பாட்டு. சுருதி சேராத, அவருடைய அதே பாட்டு.

அவள் பவுடர் போட்டுக்கொண்டாள்.

ஆறாவதைக் கொடுத்த அன்று வகுப்புக்குள் நுழைந்தாள். ஒரு பிள்ளையும் எழுந்திருக்கவில்லை. போர்டில் எழுதினாள். சாக்பீஸ் தேய்ந்தது. எழுத்து விழவில்லை.

வலப்பக்கம் நிரம்புவது இடப்பக்கத்தைச் செலவழித்துத்தான். தேர்வில் இதை எழுதாதவர்களுக்கு அவள் ஒரு மதிப்பெண் குறைப்பது வழக்கம்.

அந்த வீட்டில் இடப்பக்கம் என்றால் அவள் ஒருத்திதான்.

இரண்டு நாள் எதையும் கொடுக்கவில்லை. அவளும் அதற்குமேல் மங்கவில்லை. பாட்டும் இரண்டாவது வரியைத் தாண்டவில்லை.

மூன்றாம் நாள் ஏழாவது சட்டையோடு வாசலுக்குப் போனாள்.

சௌரியப்பன் இந்தத் தெருவுக்கு வந்து ஒரு மாதம்தான். சட்டையை வாங்கியவரின் பார்வை அவளைத் தாண்டி நிலைப்படிக்குப் போயிற்று.

“வணக்கம் சார். எத்தன சட்டைதான் குடுப்பீங்க, எங்க வீட்ல ஆணி பத்தல சார். ஆமா, டீச்சர எங்க ஆளையே காணும்?”

கையை உயர்த்திப் பார்த்தாள். உள்ளங்கை வழியே எதிர்வீட்டுக் கேட் தெரிந்தது. பூட்டுகூடத் தெரிந்தது.

திரும்பினாள்.

வேட்டி, தோள், காதோரத்து நரை. எல்லாம் இருந்தது. சிரிப்பு மட்டும் இன்னும் சேரவில்லை.

அவள் உள்ளே போக அவர் வழிவிட்டார்.

பீரோவில் ஒரு சட்டை மீதி இருந்தது.