நண்டின் முதுகில் ஒரு விரிசல்

பாறைக்குட்டை நண்டு முதன்முறையாக ஆணழகன் போட்டிக்குப் பேர் கொடுத்திருந்தது. மூன்று மாதமாக விடிந்ததும் எழுந்து ஒரு காலிச் சங்கைத் தூக்கித் தூக்கி இறக்கியது. பாசியைக்கூட அளந்துதான் தின்றது. ஆனாலும் தண்ணீரில் முகம் பார்த்தால் அதே பழைய நண்டுதான், ஒரு நூல்கூட ஏறவில்லை.

அதே குட்டையில் இருந்த பேத்தை மீனும் போட்டிக்குப் போகிறது. நாலு வாய் தண்ணீர் குடித்தால் போதும், பந்து மாதிரி உப்பிவிடும். "எதுக்கப்பா உனக்கு இந்தப் பாடு?" என்று உப்பியபடியே சிரிக்கும். நண்டுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போட்டிக்கு எட்டு நாள் இருந்தபோது, சங்கைத் தூக்கிய நண்டின் முதுகில் சடக்கென்று சத்தம் கேட்டது.

"ஐயோ, ஓடு உடைஞ்சு போச்சே! இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மேடையேறுவேன்?"

உப்பிய வயிற்றோடு வந்து பேத்தை எட்டிப் பார்த்தது. விரிசலுக்குள்ளே புத்தம்புதிதாய் இன்னொரு முதுகு, அடங்க இடமில்லாமல் பிதுங்கிக்கொண்டிருந்தது.

"உடையலப்பா," என்றது பேத்தை. "அந்த ஓடு உனக்குப் பத்தாமப் போச்சு."

சொல்லி முடிப்பதற்குள், அது குடித்திருந்த தண்ணீரெல்லாம் புஸ்ஸென்று வெளியே வந்துவிட்டது.